உடைந்த கப்பலும் உடைந்த வளையலும்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் வாணிபத்திற்குப் பெயர் பெற்றதாகும். செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தேக்குத் தூண்கள், சித்திர வேலைப்பாடு மிக்க நிலைகள், கதவுகள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் பாத்திரங்கள், பீங்கான் சாடிகள், மரப்பெட்டிகள் ஆகியவை அங்கே அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும். வெளியூராரும் வெளிநாட்டாரும் வந்து பேரம் பேசி வாங்கிச் செல்வர். ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் நன்மை தீமை அனைத்தையும் பார்த்து நின்ற தூண், இன்று எங்கோ ஒரு நகரத்து விடுதியின் முகப்பில் அழகுக்காக நிற்கிறது. அஃது எந்த ஊர்த் தூண், எவர் வீட்டுத் தூண் என்பதை அதன் அருகே அமர்ந்து உண்பவர் அறியார், தூணும் சொல்லாது.

கழிக்கப்பட்ட பொருளுக்கு வரலாறு உண்டா? உடைந்ததை எடுத்து ஒன்று சேர்ப்பவன் செய்வது வெறும் சிக்கனமா, அன்றி அதனினும் மேலான ஒன்றா? இவ்வினாவிற்கு விடை தேடுங்கால் மூன்று காட்சிகள் நம் முன் தோன்றுகின்றன. ஒன்று நமது செட்டிநாட்டில் உள்ளது. மற்றொன்று வடபுலத்துச் சண்டிகர் நகரில் உள்ளது. மூன்றாவது இஸ்லாமிய வரலாற்றின் ஏடுகளில் உள்ளது. இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாளிகைகள் எழுந்ததும் தாழ்ந்ததும்

நகரத்தார் பெருமக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். ஈட்டிய பொருளைக் கொண்டு வானம் பார்த்த பூமியாகிய தம் ஊர்களில் அரண்மனை போன்ற வீடுகளை எழுப்பினர். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானியப் பூ ஓடுகள் என்று கடல் கடந்து வந்த பொருள்களோடு, உள்ளூர்க் கொத்தர் தம் சுண்ணாம்புக் கலவையும் கைத்திறனும் அங்கே கூடின. முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்கள் இன்றும் கண்ணாடி போல் மின்னுவதைக் காணலாம். தரைக்கு ஆத்தங்குடிக் கற்கள் பதித்தனர். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திக் கையால் செய்யப்படுபவை அக்கற்கள்.

இச்செல்வத்தின் வேர் பர்மாவில் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் பெற்ற உழவர்களால் பணமாகத் திருப்பித் தர இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல் நிலங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வட்டித் தொழில் செய்தோரின் கைக்கு வந்து சேர்ந்தது. பணமாக இருந்தது நிலமாக மாறியது. நிலத்தையோ கப்பலில் ஏற்றிக் கொண்டு வர இயலாது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். பின்னர் 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் வணிக நிறுவனங்களையும் எடுத்துக் கொண்டது. வேர் அறுபட்டது, மரம் காயத் தொடங்கியது.

இத்துயரம் நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் முஸ்லிம்களும் இரங்கூனில் கடை வைத்து வாழ்ந்தவர்களே. சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசல் அந்நகரில் இன்றும் அவர்தம் பெயர் சொல்லி நிற்கிறது. 1942இல் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகத் தாயகம் திரும்பிய இலட்சக்கணக்கான இந்தியர்களில் நம்மவரும் இருந்தனர். பெட்டி பேழைகளைக் காட்டு வழியில் போட்டுவிட்டு, உயிரை மட்டும் கையில் பிடித்துக் கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர் உள்ளனர்.

செட்டிநாட்டு வீடுகளோ பல பங்காளிகளுக்குப் பொதுவாயின. பராமரிக்கப் பொருள் வேண்டும். பொருள் இருப்போர் தொலைவில் வாழ்ந்தனர். ஆகவே வீடுகள் பூட்டப்பட்டன. பூட்டிய வீடு கறையானுக்கு இரையாயிற்று. எஞ்சியவற்றிற் பல பிரித்து விற்கப்பட்டன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. ஆயினும் தூண்களுக்கும் நிலைகளுக்கும் விலை இருக்கும் வரை சுவர்களுக்கு ஆபத்தும் இருக்கவே செய்யும்.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். பிரிக்கப்பட்ட வீட்டின் பொருள்கள் அழிவதில்லை, ஆனால் சிதறுகின்றன. சிதறியதை ஒன்று கூட்டுவதற்கு வாணிபம் போதாது. அதற்கு வேறொரு மனம் வேண்டும். அத்தகைய மனம் படைத்த ஒருவரைச் சண்டிகர் நகரம் கண்டது.

பஞ்சாபிலிருந்து வந்த அகதி

நேக் சந்த் என்பது அவர் பெயர். ‘நேக்’ என்னும் பார்சிச் சொல்லுக்கு நல்லது, நன்மை என்பன பொருளாகும். 1924இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஷகர்கட் வட்டாரத்தில் பரியான் கலான் என்னும் சிற்றூரில், உழவர் குடியில் அவர் பிறந்தார். 1947இல் நாடு பிளவுபட்டபோது அக்குடும்பம் வீட்டையும் வயலையும் விட்டு இந்தியப் பகுதிக்கு வந்தது. அதே நாட்களில் எதிர்த்திசையில், கிழக்குப் பஞ்சாபின் முஸ்லிம்கள் தம் பள்ளிவாசல்களையும் அடக்கத்தலங்களையும் விட்டு மேற்கே சென்று கொண்டிருந்தனர். யார் எந்தத் திசையில் நடந்தாலும் காலில் பட்ட புழுதி ஒன்றே.

லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டமையால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. பிரான்சில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1951 முதல் அந்நகரின் அமைப்பை வகுத்தார். 1953இல் சண்டிகர் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. நேரான சாலைகள், எண்ணிட்ட பகுதிகள், திட்டமிட்ட தோட்டங்கள் என்று எல்லாம் கோடு போட்டாற்போல் அமைந்தன. அக்கோடுகள் வெறும் நிலத்தின் மீது போடப்பட்டவை அல்ல. அங்கிருந்த இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அகற்றப்பட்ட பின்னரே புதிய நகரம் எழுந்தது. இடிந்த வீடுகளின் ஓடுகளும், உடைந்த பானைகளும், பெண்களின் கண்ணாடி வளையல் துண்டுகளும் குவியல் குவியலாகக் கிடந்தன.

அந்நகரின் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக நேக் சந்த் பணியாற்றினார். தம் ஊரை இழந்து வந்த அவர் கண்ணில் பிறர் ஊர்களின் உடைசல்கள் பட்டன. ஏனையோருக்கு அவை குப்பை. அவருக்கு அவ்வாறு தோன்றவில்லை. பணி முடிந்ததும் மிதிவண்டியில் சென்று அவற்றைப் பொறுக்கினார். மலையடிவார ஓடைகளில் விந்தையான உருவம் கொண்ட கற்களைத் தேடி எடுத்தார். சுக்னா ஏரியை அடுத்த காட்டுப் பகுதியில், எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்று அரசு ஒதுக்கி வைத்த நிலத்தில், ஒரு சிறு குடிசை அமைத்து அவற்றைச் சேர்த்து வைத்தார். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இவ்வேலை, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் அரசுக்குத் தெரியாமலே நடந்தது. இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்வார் என்பர். இளமையில் தாயார் சொல்லக் கேட்ட மன்னர் கதைகளே அவருக்கு மூலதனமாயின; இழந்த ஊருக்கு ஈடாக ஒரு சிற்றரசையே படைக்கத் தொடங்கினார்.

குப்பை உருவம் பெற்ற முறை

அவர் கையாண்ட முறையையும் அறிதல் நலம். பழைய மிதிவண்டிச் சட்டங்களும் இரும்புக் கம்பிகளும் எலும்புக்கூடாக அமையும். அதன் மேல் சிமெண்டுக் கலவை தசையாகப் பூசப்படும். கலவை ஈரமாக இருக்கும்போதே உடைந்த வளையல்கள், பீங்கான் சில்லுகள், உலைக்களத்தில் எஞ்சிய கசடு ஆகியவை தோலாகவும் ஆடையாகவும் பதிக்கப்படும். வளையல் துண்டுகளால் ஆன பாவாடை அணிந்த பெண் உருவங்கள், பீங்கான் சில்லுகளால் ஆன பறவைகள், விலங்குகள், படை வீரர்கள் என ஆயிரக்கணக்கான உருவங்கள் இவ்வாறு தோன்றின. மின்சாரப் பீங்கான் பொருள்களைப் பதித்தே சுவர்களை அழகு செய்தார். ஈரம் பட்டுக் கல்லாகிப் போன சிமெண்டு மூட்டைகளும் அவர் கையில் மதிற்சுவராயின. சாக்கின் நெசவு அச்சு இன்றும் அச்சுவரில் தெரிகிறது.

தோட்டத்தின் வாயில்கள் சில வேண்டுமென்றே தாழ்வாக அமைக்கப்பட்டன. எவ்வளவு பெரியவராயினும் அங்கே குனிந்துதான் செல்ல வேண்டும். நிமிர்ந்து நடக்கும் நகரத்தின் நடுவில், குனிய வைக்கும் ஒரு வாயில்! கழிக்கப்பட்டவற்றின் அவைக்குள் நுழைபவர் பணிவோடு நுழைதல் வேண்டும் என்பது போல் அது தோன்றுகிறது.

சட்டமும் சான்றோரும்

1970களில் இவ்விடம் அதிகாரிகளின் பார்வைக்கு வந்தது. அப்போது ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பில் முற்றங்களும் பாதைகளும் உருவங்களும் பரவியிருந்தன. சட்டப்படி பார்த்தால் அஃது ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ள வேண்டியது. அன்றியும் சண்டிகரின் பூங்காக்களில் தனி மனிதரின் சிலைகள் வைக்கலாகாது என்பது லெ கொர்புசியே அந்நகருக்கு வகுத்த விதிகளுள் ஒன்று. ஆனால் நகரின் தோட்டக்கலைக் குழுவை வழிநடத்திய எம்.எஸ். ரந்தாவா போன்ற சான்றோர் அதனை இடிக்கலாகாது என்று எடுத்துரைத்தனர். 1976இல் அத்தோட்டம் ‘ராக் கார்டன்’ என்ற பெயருடன் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. நேக் சந்துக்கு ஊதியமும் உதவிக்கு ஐம்பது பணியாட்களும் அளிக்கப்பட்டன. தண்டனைக்கு உரியவராகக் கருதப்பட்டவர், 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980களில் வாஷிங்டன் நகரின் குழந்தைகள் அருங்காட்சியகத்திலும் அவர் கைவண்ணத்தில் ஒரு தோட்டம் அமைந்தது. 2015 ஜூன் மாதம் தமது தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார்.

இவ்வரலாறு சண்டிகரில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சைமன் ரோடியா என்னும் இத்தாலியத் தொழிலாளி, 1921 முதல் 1954 வரை தன்னந்தனியாக உழைத்து, இரும்புக் கம்பியும் சிமெண்டும் உடைந்த தட்டுகளும் கிளிஞ்சல்களும் கொண்டு ஏறத்தாழ நூறடி உயரக் கோபுரங்களை எழுப்பினார். அவை பாதுகாப்பற்றவை எனக் கருதிய நகராட்சி இடிக்க முற்பட்டது. 1959இல் இயந்திரத்தால் இழுத்துச் சோதித்தபோது கோபுரங்கள் அசையவில்லை. இடிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. அவரும் தாய்நாட்டை விட்டு வந்தவரே என்பது கருதத் தக்கது. வீடிழந்தோரின் கண்ணுக்கு மட்டும் உடைசலின் விலை தெரிகிறது போலும்!

உருவங்கள் பற்றிய ஐயம்

இவ்விடத்தில் வாசக நேயர்களின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமைப்பதை மார்க்கம் தடுத்திருக்க, ஒரு சிற்பியைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?

இவ்வையம் நியாயமானதே, அதனை மூடி மறைத்தல் முறையன்று. உருவம் சமைப்போரைக் குறித்து ஹதீஸ்களில் கடும் எச்சரிக்கை வந்துள்ளது. உயிருள்ளவற்றின் முழு உருவச் சிலைகள் கூடா என்பதே பெரும்பான்மை ஃபிக்ஹு அறிஞர்களின் முடிபாகும். உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறியபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்து கொள்ளுமாறு அவர்கள் வழி காட்டியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்து விளையாடியதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஆகவே தடையும் உண்டு, அதற்குள் நுண்ணிய வேறுபாடுகளும் உண்டு. நேக் சந்தின் உருவங்களை நாம் செய்ய வேண்டியதில்லை. நம் வீட்டில் வைக்க வேண்டியதுமில்லை. ஆனால் உருவத்தை நீக்கிப் பார்த்தால் அவர் செயலில் எஞ்சுவது என்ன? பிறர் கழித்ததைக் கழிவென்று எண்ணாத கண். அந்தக் கண் நமக்கு அந்நியமானதன்று. நம் மார்க்கம் நமக்குக் கற்பித்ததே ஆகும்.

மைமூனா (ரலி) அவர்கள் வீட்டைச் சேர்ந்த பணிப்பெண்ணுக்கு ஈந்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று வினவினார்கள். செத்த பிராணியாயிற்றே என்று கூறப்பட்டபோது, அதனை உண்பதுதான் விலக்கப்பட்டது என்று தெளிவுபடுத்தினார்கள். இங்கே ஒரு பெரும் உண்மை பொதிந்துள்ளது. ஒரு பொருள் ஒரு வகையில் ஆகாது என்பதால் எல்லா வகையிலும் ஆகாததாகிவிடாது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டார்கள். அவர்கள் பருகிய கோப்பை உடைந்தபோது, அவ்வுடைவு வெள்ளியால் இணைக்கப்பட்டது. அக்கோப்பையை அனஸ் (ரலி) அவர்கள் பின்னர் போற்றிக் காத்து வந்தார்கள். வீண் விரயத்தை அல்குர்ஆன் வன்மையாகக் கண்டித்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். விரயம் என்பது சோற்றையும் நீரையும் மட்டும் குறித்ததாக நாம் சுருக்கிக் கொண்டோம்.

கஃபாவின் கூரையும் குர்துபாவின் வளைவும்

வரலாற்றை நோக்குவோம். நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து வயது இருக்கையில், பழுதுற்ற கஃபாவைக் குறைஷிகள் புதுப்பித்துக் கட்டினர். அதற்குக் கூரை வேய மரம் இல்லை. மக்கா மரம் விளையும் பூமியன்று. அவ்வமயம் ரோமானிய வணிகர் ஒருவருடைய கப்பல் ஜித்தாக் கரையில் மோதி உடைந்தது. அதன் மரங்களைக் கொணர்ந்து கஃபாவிற்குக் கூரை அமைத்தனர் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. அத்திருப்பணியின்போதுதான் ஹஜருல் அஸ்வத் கல்லை யார் எடுத்து வைப்பது என்று பூசல் எழுந்து, நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஒரு துணியில் வைத்து எல்லாக் குலத்தாரையும் பிடிக்கச் செய்து தீர்த்து வைத்தார்கள். அந்நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். ஆனால் மேலே இருந்த கூரை ஒரு கப்பலின் சிதைவு என்பதை எத்தனை பேர் அறிவர்? கடல் கழித்துக் கரையில் எறிந்த பலகை, உலகின் புனிதத் தலத்திற்கு நிழலாயிற்று!

பின்னாளில் வட ஆப்பிரிக்காவின் கைரவான் பெரும்பள்ளியில், பாழடைந்த பண்டைய ரோமானியக் கட்டடங்களின் தூண்கள் வரிசை வரிசையாக நின்று தொழுகைக் கூடத்தைத் தாங்கின. ஸ்பெயின் நாட்டின் குர்துபாப் பள்ளியோ இதனினும் வியப்புக்குரியது. அதனைத் தொடங்கியவர் முதலாம் அப்துர் ரஹ்மான். டமாஸ்கஸில் உமையாக்களின் ஆட்சி 750இல் வீழ்ந்தபோது, உயிர் தப்பி ஓடி, ஆப்பிரிக்காவைக் கடந்து, 756இல் அந்தலுஸின் ஆட்சியாளரானவர் அவர். அவரும் வீடிழந்தவர், சிரியாவின் பேரீச்ச மரத்தைக் கண்டு ஏங்கிக் கவி பாடியவர் என்று அரபு இலக்கிய வரலாறு கூறும்.

785ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய பள்ளிக்குப் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் விஸிகாத்தியக் கட்டடங்களிலிருந்தும் தூண்கள் கிடைத்தன. அவை ஒரே அளவினவல்ல, உயரமும் போதவில்லை. அவ்வளவு தாழ்ந்த தூண்களின் மீது கூரை வைத்தால் அத்தனை பெரிய கூடத்தில் காற்றும் ஒளியும் இரா. அப்பொழுது கொத்தர்கள் என்ன செய்தனர்? தூணின் தலைமேல் மற்றொரு கற்கட்டை எழுப்பி, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வளைவுகளைக் கட்டினர். செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வைத்தனர். பற்றாக்குறைக்குத் தேடிய பரிகாரம், உலகமே வியக்கும் அழகாயிற்று. நெடிய புதுத் தூண்கள் தாராளமாகக் கிடைத்திருந்தால் அந்த இரட்டை வளைவு பிறந்திராது. இன்று எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் அங்கே உள்ளன. 1236இல் அப்பள்ளி கிறித்தவத் தேவாலயமாக மாற்றப்பட்டது. எனினும் அந்த வளைவுகள் இன்றும் கட்டியவர்களின் பெயரைச் சொல்கின்றன.

அகதியாக வந்த ஓர் அரசர், அகதியாக வந்த ஒரு சாலை ஆய்வாளர்: இருவருக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகள். மார்க்கம் வேறு, நோக்கம் வேறு, தகுதியும் வேறு. ஆயினும் இருவரும் பிறர் விட்டுச் சென்ற துண்டுகளின் மீது தம் உலகத்தை நிறுத்தினர். சிக்கனம் என்னும் சொல் இதற்குப் போதாது. உடைந்ததைத் தூக்கி நிறுத்துவது, உடைந்து போனவன் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக் கொள்வதாகும்.

மீண்டும் கடப்பாரை

ஆனால் இவ்வாறு நிறுத்தியதும் நிலையாக நின்றுவிடுவதில்லை. 1996இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த வேளையில் தோட்டத்திற்குரிய உதவி குறைக்கப்பட்டது. பல உருவங்கள் உடைத்து நாசமாக்கப்பட்டன. அதன் பின்னர் தொண்டர்கள் கூடி, அறக்கட்டளை அமைத்து அதனைப் பேண வேண்டியதாயிற்று. 2025 மார்ச் மாதத்தில், அருகிலுள்ள உயர்நீதிமன்றத்திற்கு வரும் வாகனங்களை நிறுத்தவும் சாலையை அகலப்படுத்தவும் வேண்டித் தோட்டத்து மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகர மக்கள் பலர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தும் கடப்பாரை நிற்கவில்லை. இடிந்த ஊர்களின் துண்டுகளால் ஆன மதில், மீண்டும் துண்டுகளாயிற்று.

நேக் சந்தின் செயலிலும் ஒரு குறையுண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் பதித்த வளையல் எந்த ஊர்ப் பெண்ணுடையது, எந்த வீட்டுப் பீங்கான் அது என்பதை இன்று எவரும் அறியார். அவர் பொருளைக் காத்தார். பெயரைக் காக்க அவரால் இயலவில்லை. தனி மனிதர் ஒருவர் இரவில் ஒளிந்து செய்த வேலையில் அதனை எதிர்பார்ப்பது நியாயமுமன்று. பெயரைக் காப்பது ஊராரின் கடமை. வரலாறு கற்றோரின் கடமை.

நம் வீட்டுப் பரண்

இக்கடமை நம்மிடம் வந்து நிற்கிறது. செட்டிநாட்டுத் தூண்களைக் குறித்து வருந்துவது எளிது. நம் சொந்த வீட்டின் பரணைப் பார்ப்பது கடினம். இளையான்குடியிலும், கீழக்கரையிலும், காயல்பட்டினத்திலும், இன்னும் நம் ஊர்கள் பலவற்றிலும் பழைய வீடுகள் இடிக்கப்படுகின்றன. காலத்திற்கேற்ப வீடு கட்டுவது குற்றமன்று. வளரும் குடும்பத்திற்கு இடம் வேண்டும். ஆனால் இடிக்கும் நாளில் வீட்டிலிருந்து வெளியேறுவன யாவை? நான்கு பேர் சேர்ந்து உண்ட செம்புச் சஹன் எடைக்குப் போகிறது. நிக்காஹ் மஜ்லிஸ் நடந்த முற்றத்துத் தூண் விறகுக்கோ பழம்பொருள் கடைக்கோ போகிறது. இரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பாட்டனார் எழுதிய கடிதங்கள் நெருப்புக்குப் போகின்றன.

எல்லாவற்றினும் மேலாக நம் நெஞ்சை உறுத்துவது அரபுத் தமிழ்க் கிதாபுகளின் நிலையாகும். அரபு எழுத்தில் தமிழ் மொழியை எழுதி, மார்க்க அறிவை வீடு தோறும், சிறப்பாகப் பெண்மக்களிடம், கொண்டு சேர்த்த செல்வம் அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களைப் போன்ற பெரியார்கள் அம்மொழியில் எழுதிய நூல்களைக் கொண்டே நம் பாட்டிமார் தொழுகையும் நோன்பும் கற்றனர். இன்று அவ்வெழுத்தை வாசிப்போர் அருகிவிட்டனர். வாசிக்கத் தெரியாத பேரர்கள், அரபு எழுத்தைக் கண்டதும் அது திருமறை ஏடாகவே இருக்கும் என்றெண்ணி, கண்ணியமாக மண்ணில் புதைத்தோ நீரில் இட்டோ விடுகின்றனர். சிதைந்த திருமறை ஏடுகளுக்கு அம்முறை தக்கதே. ஆனால் அதே மூட்டையில் ஒரு தாலாட்டும், ஒரு மருத்துவக் குறிப்பும், ஒரு கப்பல் கணக்கும், ஓர் ஊரின் பெயரும் சேர்ந்து புதைந்து போகின்றன. மரியாதையே மறதிக்கு வழியாகிவிடுகிறது.

யமன் நாட்டு ஸன்ஆப் பெரும்பள்ளியில் 1972இல் பழுது பார்த்தபோது, கூரைப் பகுதியில் பழந்தோல் ஏடுகளின் குவியல் ஒன்று அகப்பட்டது. பயனற்றதென்று அதனை எறிந்துவிடாமல், அதன் அருமையை உணர்ந்து காத்தனர். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்த திருமறை ஏடுகள் அவற்றுள் இருந்தன. முன்னோர் கழிக்காமல் ஒதுக்கி வைத்ததும், பின்னோர் எறியாமல் பிரித்துப் பார்த்ததும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அச்செல்வத்தை உலகுக்குத் தந்தன.

ஆகவே நாம் நம் குடும்பங்களுக்குச் சொல்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பாதுகாக்க எவராலும் முடியாது. வீடு அருங்காட்சியகம் ஆகவும் வேண்டியதில்லை. ஒரு வீட்டை இடிக்குமுன் அதனைப் படம் எடுத்து வையுங்கள். தூணையோ நிலையையோ விற்பதானால், அது எந்த ஊர், எவர் கட்டியது, எந்நாட்டு மரம் என்பதை ஒரு தாளில் எழுதி, வாங்குவோரிடம் ஒரு படியும் உங்களிடம் ஒரு படியுமாக வைத்துக் கொள்ளுங்கள். பழங்கிதாபு மூட்டையைப் புதைக்குமுன் அரபும் தமிழும் அறிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். எது திருமறை ஏடு, எது அரபுத் தமிழ் என்று அவர் பிரித்துத் தருவார். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, வீட்டிலுள்ள பழம்பொருள் ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். ஜமாஅத்துகள் மனம் வைத்தால், பள்ளிவாசலின் ஓர் அறையில் ஒரே ஓர் அலமாரி போதும். ஓர் ஊரின் வரலாறு அதில் அடங்கிவிடும்.

ஒரு கப்பல் உடைந்ததால் கஃபாவிற்குக் கூரை வந்தது. தூண்கள் குட்டையாக இருந்ததால் குர்துபாவில் வளைவு எழுந்தது. ஊர்கள் அழிந்ததால் சண்டிகரில் ஒரு தோட்டம் முளைத்தது. உடைவது உலகத்தின் இயல்பு. அதனைத் தடுக்க நம்மால் ஆகாது. உடைந்ததை எவர் கையில் கொடுக்கிறோம் என்பது மட்டுமே நம் பொறுப்பு. அப்பொறுப்பை உணர்ந்து நடக்கும் நல்லறிவை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.